நான் தேர்ந்தெடுத்த கிராபிக்ஸ் கார்டு

பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, அம்மா தைக்கப் போகும் கார்மென்ட்ஸில் கொடுக்கும் தாள், எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். அப்பா, அம்மா, மாமா மூவரும் கையெழுத்துப் போடுவதோடு நின்றவர்கள். மாமாவுக்குக் கோர்ட்டிலிருந்து வந்த காகிதத்தையும் பத்து வயதில் நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. அம்மா உடனே சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். மாமா, "சரி பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவ்வளவு கஷ்டமான ஆங்கிலத்தை நான் படித்ததை யாரும் கவனிக்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. லாரி ஓட்டியவர். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் வழியில், சூளகிரிக்குப் பக்கத்தில், ஒரு சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒருவர் மேல் அவருடைய லாரி ஏறிவிட்டது. அவர் அங்கேயே இறந்துபோனார். தப்பு மாமா மேல் இல்லை என்று போலீஸிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோரும் சொன்னார்கள். மாமா சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. எங்களோடு வந்து தங்கி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, அந்தக் குடியிருப்பிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு இளைஞர், மேசையில் மாட்டும் ஸ்டியரிங் ஒன்றையும் அதன் பெடல்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். டிஸ்க்கில் லாரி ஓட்டும் விளையாட்டு இருந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் கொடுத்தது வெளிநாட்டுச் சாலைகளும் பனியும்தான். அதை ஆடும் நம் ஊர்ப் பையன்கள் நம்முடைய லாரி, டோல்கேட், மழை, டீக்கடை, ரோட்டைக் கடக்கும் ஜனங்கள் என்று தாங்களே செய்து அதற்குள் சேர்த்திருந்தார்கள். இப்படிச் சேர்ப்பதற்கு மோட் என்று பெயர். கிருஷ்ணகிரி ரோடும் அந்த மோட்களில் இருந்தது. அதை அந்த இளைஞர் ஓட்டிக் காட்டியபோது மாமா பார்த்திருக்கிறார்.

அதிலிருந்து மாமாவுக்கு ஒரே நினைப்பு. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றார்.

"முப்பத்திரண்டு வயசுல பொம்ம லாரி ஓட்டப் போறியாடா? ஊரு சிரிக்கும்" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு தடவக்கா. அந்த ரோட்ல ஒரு தடவ ஒழுங்கா போயிட்டு வந்துட்டேன்னா, அப்புறம் நெஜ வண்டிய எடுத்துப் பாக்கறேன்" என்றார் மாமா. அம்மா சம்மதித்துவிட்டாள். அவர் மறுபடி வண்டி ஓட்ட வேண்டும் என்பதுதானே அவளுடைய வேண்டுதலும்.

என்னென்ன பாகங்கள் வாங்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, அந்த விளையாட்டுக்கு எவை தேவை என்று போட்டிருந்த பட்டியலை நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதிக்கொண்டேன். பிராசஸர் இது, ராம் இவ்வளவு, திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு இரண்டு ஜிபி. பாடப் புத்தகத்தில் இருப்பது எப்படித் தப்பாகாதோ அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். அந்தப் பட்டியல் வெறும் விளையாட்டுக்கானது, மேலே ஏற்றும் மோட்களுக்கானது அல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்துக் கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"குரு, மோட் எல்லாம் ஹாக்கினா ரெண்டு ஜிபி சாலல்ல. பத்தவே பத்தாது. நாலு ஜிபி எடுங்க."

மாமாவுக்குக் கவலை வேறு. "ஏண்ணா, ரோட்ல ஜனங்க குறுக்க வருவாங்க இல்ல? அது வருமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "வருவாங்க சாமி, வருவாங்க. பெங்களூர் மாதிரியே வருவாங்க. அதுக்குத்தான் நாலு ஜிபி சொல்றேன். பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. "பட்டியல்ல ரெண்டுதான் போட்டிருக்கு. இவரு நம்ம தலைல கட்டப் பாக்கறாரு மாமா" என்றேன், அவர் காதில் விழும்படியாகவே.

மாமா ஒரு நொடி என்னையும் ஒரு நொடி கடைக்காரரையும் பார்த்தார். "எங்க பாப்பா இங்கிலீஷ் மீடியம்ணா. அவ சொன்னா கரெக்டா இருக்கும்" என்றார். மீந்த பணத்தில், பக்கவாட்டில் கண்ணாடியும் உள்ளே நீல விளக்கும் வைத்த கம்ப்யூட்டர் கேபினட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாட்கள் எல்லாம் நன்றாக இருந்தது. பனி விழும் ஏதோ ஒரு தேசத்தில் மாமா லாரி ஓட்டினார். கியர் போட இடது கை தானாகவே தொடைப் பக்கம் போய் வெறும் காற்றைப் பிடித்தது. அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மோட்களை ஏற்றினோம். மழை, மரம், டீக்கடை, ஜனம் எல்லாம். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பிய லாரி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு படம் விக்க ஆரம்பித்தது. நின்று நின்று தாவியது. ஊர் நெருங்கி ஆட்கள் தென்படத் தென்பட அது அதிகமானது. சூளகிரிக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் ஓரத்தில் நின்றார்கள். ஒருவர் சாலையில் இறங்கினார். மாமாவின் கால் பிரேக்கை மிதித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடிவரை மிதித்தார். திரை அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி அசைந்தபோது லாரி அந்த ஆளைத் தாண்டிப் போய் நின்றிருந்தது.

விளையாட்டில் ரத்தம் எல்லாம் வராது. அபராதம் என்று ஒரு வரி மட்டும் வரும். அதைப் படித்துச் சொல்லும்படி மாமா கேட்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கால் லேட்டு பாப்பா. எனக்குக் கால்தான் லேட்டு" என்றார்.

லேட் ஆனது கார்டு. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கடைக்காரர் சொன்னதும் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தால் இங்கிலீஷ் மீடியம் தப்பாகப் படித்ததாக ஆகிவிடும். மாமா தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். மாமா குழாயடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினார்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மோட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மழையை எடுத்தேன், விக்கியது. மரங்களை எடுத்தேன், அப்போதும் விக்கியது. ஜனங்களை எடுத்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மழையையும் மரங்களையும் திரும்பப் போட்டேன், அப்போதும் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடித்து வந்த மாமாவை யூனிபார்ம் மாற்றக்கூட விடாமல் இழுத்து வந்து உட்கார வைத்தேன். அவருக்கு வர மனமில்லை. நான் கெஞ்சியதற்காக உட்கார்ந்தார்.

மாமா மிக மெதுவாக ஓட்டினார். சூளகிரி வந்தபோது வேகத்தை இன்னும் குறைத்து, பிரேக் மேல் காலை வைத்தபடி சாலையின் இரண்டு ஓரங்களையும் பார்த்தார். டீக்கடை இருந்தது. அதில் ஆள் இல்லை. பஸ் நிறுத்தம் இருந்தது. அங்கும் யாரும் இல்லை. இரண்டையும் தாண்டி லாரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எதற்கு நிறுத்துகிறார் என்று எனக்குப் பொறுமை போனது.

"ஜனங்க எங்க பாப்பா?"

"இந்த நேரத்துல யாரும் வர மாட்டாங்க மாமா. ஆட்டமே அப்படித்தான்" என்று கூசாமல் சொன்னேன். "பாருங்க, விக்கவே இல்ல. எவ்ளோ நல்லா ஓடுது!"

மாமா அந்தக் காலிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

"ஆமா. அன்னிக்கும் இப்படி இருந்திருக்கலாம்" என்றார். பிறகு எழுந்து, "நீ வச்சுக்க பாப்பா. படிக்க ஆவும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர் ஆனேன். மாமா இன்றைக்கும் அதே கேட்டில் நிற்கிறார். ஆனால் அந்த மத்தியானம், நான் தேர்ந்தெடுத்த பாகங்களை மாமா ஒருவழியாக மெச்சிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, அதைச் சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.

"மாமா சூளகிரிய தாண்டிட்டாரும்மா. யாரு மேலயும் இடிக்கல."

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.