மூடி பூட்டும் சத்தம்

பொலிதேயாமாச் சதுக்கத்துக் கடையொன்றில், விற்பனையாளர் புதுக் கிரைண்டரின் மூடியைத் திருகினார். 'டிக்' என்றது. மூடி பூட்டினால்தான் மோட்டார் சுற்றும், அது கைக்குப் பாதுகாப்பு என்று இத்தாலியனில் படபடவென்று விளக்கினார். வழக்கம்போல அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூற்றொன்றில் எனக்குப் பத்து வயது. லிபெர்த்தா வீதியில் அம்மா வேலைசெய்த வீட்டுக்கார சிஞ்ஞோரா கழித்துத் தந்த கிரைண்டர் எங்கள் குசினியில் இருந்தது. சம்பலுக்கு அரைக்கும்போது தேங்காய்ப்பூ பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். தள்ளிவிட மூடியைத் திறந்தால் உடனே நின்றுவிடும்.

"சனியன், பழுதாப் போச்சுதாக்கும்," என்றாள் அம்மா.

மூடி அழுத்துகிற சின்னச் சுவிச்சைக் கண்டுபிடித்தேன். அதில் ஒரு நெருப்புக்குச்சியைச் செருகியதும் கிரைண்டர் திறந்தபடியே ஓடியது.

"திருத்திப்போட்டன் அம்மா."

"என்ரை இஞ்சினியர்," என்று செத்தல் மிளகாய் மணக்கும் கையால் கன்னத்தைக் கிள்ளினாள்.

அடுத்த கிழமை, ஓடுகிற கிரைண்டருக்குள் தேங்காய்ப்பூவைத் தள்ளும்போது கரண்டி வழுக்கி, அவளுடைய சுட்டுவிரல் பிளேடில் பட்டது. ஆஸ்பத்திரியில், "நான்தான் கவனமில்லாமல் இருந்திட்டன் எண்டு சொல்லு பிள்ளை," என்றாள். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். குச்சியைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"என்னவாம் சொல்லுறார்?" என்று இப்போது கடையில் கேட்ட அம்மா, மடங்காத அந்த விரலால் புது மூடியைத் தடவினாள்.

"ரெண்டு வருச உத்தரவாதமாம், அம்மா."