அடுத்த போர்ஷனின் ரத்தக்கறை

படுத்த படுக்கையாய் இருப்பவரின் அறையிலிருந்து ரத்தக்கறை படிந்த துணிகள் துவைக்க வருமானால், சுவருக்கு இப்பால் குடியிருப்பவன் என்ன செய்ய வேண்டும்? எண்பதுகளின் இறுதியில், பட்டப்படிப்பை முடித்திருந்த நான், பொழிச்சலூரில் இந்தக் கேள்வியோடு சில வாரங்கள் வாழ்ந்தேன்.

அடுத்த போர்ஷன்காரர் பம்மலில் தோல் பதனிடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின், அவர் மனைவி யாரையும் உள்ளே விடவில்லை. அந்த அக்காவின் அண்ணன் மட்டும் மூடிய கூடையோடு சைக்கிளில் வருவார், கதவு சாத்தப்படும். மறுநாள் கொடியில், துவைத்தும் கறை போகாத துணிகள் காயும்.

"அந்த ஆள இன்னாவோ பண்றாங்கப்பா. நீ படிச்சவன்தானே, போய்க் கேளு," என்றார் வீட்டுக்காரம்மா.

"கேட்டுட்டு? கோர்ட்டுப் படி நீ ஏறுவியா?" என்று அவர் கணவர் அதட்டினார்.

போலீசிடம் சொல்லிச் சந்தேகம் பொய்யானால் ஒரு பெண்ணின் மானம் போகும். மெய்யானால், என் தயக்கத்தில் ஓர் உயிர் போகும். இப்படி எடைபோட்டபடியே உட்கார்ந்திருந்தேன். உடம்பில் குறையில்லாத எனக்கும் கால் எழவில்லை.

ஒரு காலையில் உள்ளே அவர் அலறினார். கதவைத் தட்டினேன்.

திறந்த அக்காவின் கையெல்லாம் ரத்தம். பின்னால் கட்டிலில் அவருடைய இடது கை, காய்ந்த ரத்தப் பூச்சோடு, மார்போடு சேர்த்து இறுகக் கட்டப்பட்டிருந்தது. கூடையருகே சிறகுகள்.

"புறா ரத்தம், தம்பி. சூடா தேச்சா நரம்பு முழிச்சிக்குமாம். நீ இன்னா நெனச்ச? இவர அறுத்துகினு கீறேன்னா?"

கட்டிலில் இருந்தவர் பாதி வாயால் சிரித்தார். "அறுத்தது... புறாவத்தான்," என்று குழறினார்.

"கையை ஏன்க்கா கட்டியிருக்கீங்க?"

"அசைச்சா ரத்தம் நரம்புல ஊறாதுன்னு அண்ணன் சொல்லிச்சு. இறுக்கிக் கட்டச்சொல்லோ வலியில கத்திட்டாரு. ஆஸ்பத்திரில தெனம் நீட்டி மடக்கச் சொன்னாங்க, யாரை நம்புறது?"

"கட்டை அவிழ்த்துடுங்க."

"நீ டாக்டருக்கா படிச்ச?"

"இல்லை. வாங்க, டாக்டரையே கேட்போம்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆட்டோவுக்குச் சம்மதித்தார். டாக்டர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். முழங்கை அதற்குள் இறுகிப் போயிருந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் நானும் அக்காவும் அவருக்குப் பயிற்சி கொடுத்தோம். அவர் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். கை மட்டும் முழுதாக நீளவே இல்லை.