அம்மா ஏற மறுத்த கப்பல்

அம்மாவின் மூச்சு அடங்கியபோது அப்பா தலைமாட்டில் இருந்தார். தங்கச்சி கையைப் பிடித்திருந்தாள். பக்கத்து வீட்டு அன்ரி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். அம்மாவின் ஒரே உடன்பிறப்பான பெரியம்மா மட்டும் அங்கே இல்லை. அவர் இத்தாலியின் பலெர்மோ நகரில், மூன்றாம் மாடி வீட்டில், கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மன்னார்க் கரையில் பிறந்தவர். தகப்பனைக் கடல் கொண்டுபோனபின் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அக்காவோடு சேர்ந்து கருவாடு காயவைத்தார். சண்டை துரத்தத் துரத்த இருவரும் ஒரே பாயைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். பிறகு பெரியம்மா பலெர்மோவுக்குப் போய் வீடுகளில் தரை துடைத்தார். அந்தப் பணத்தில்தான் அம்மாவின் கல்யாணம் நடந்தது. அப்பாவோடு சிட்னிக்கு வந்த செலவும் அதில்தான். இங்கே பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்று அம்மா எங்களைப் படிக்கவைத்தார். எங்கள் இரு பக்கத்துக் குடும்பங்களிலும் பள்ளிக்கூடத்தை முடித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் பட்டமளிப்புக்குச் சேலை உடுத்து வந்த அம்மா ஒரு காலை இழுத்து நடந்தார். கேட்டதற்குக் குளிர் என்றார்.

குளிர் இல்லை. தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் நோய் என்றும், அதற்கு மருந்து இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். ஒரு வருடத்துக்குள் சக்கர நாற்காலி வந்தது. பின்னர் படுக்கும்போது மூச்சுக்கு ஒரு இயந்திரமும் வந்தது. அம்மா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அக்காவை ஒருக்காப் பாக்கவேணும் தம்பி" என்றார்.

இருபது வருடத்துக்கு மேலாக இருவரும் சந்திக்கவில்லை. ஹோட்டல் ஹோட்டலாக அம்மாவை ஏற்றி இறக்க முடியாது என்பதால் சுற்றுலாக் கப்பல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் பயணம் முழுக்க ஒரே கட்டில், அகலமான கதவு, நாற்காலியோடு போகக்கூடிய குளியலறை. பார்சலோனாவில் ஏறினால் வழியில் ஒரு பகல் பலெர்மோவில் நிற்கும். துறைமுகத்துக்கே வந்து நிற்பதாகப் பெரியம்மா சொன்னார். அப்பா வேலைக்காகச் சிட்னியிலேயே நின்றுவிட, அம்மாவும் தங்கச்சியும் நானும் புறப்பட்டோம்.

பார்சலோனாவின் நடைபாதைகள் சீராக இருந்தன. எல்லா ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினோம். மார்செய்யில் குன்றின் மேல் இருந்த மாதா கோவிலை அம்மா அடிவாரத்தில் இருந்தே கும்பிட்டார். இன்னொரு ஊரில் கப்பல் கடலிலேயே நின்றது. கரைக்குப் போகும் சின்னப் படகில் நாற்காலியை ஏற்றமாட்டோம் என்றார்கள். ரோமில் நாற்காலியின் முன்சில்லு கல்லிடுக்கில் இறங்க, அம்மாவின் தலை நெஞ்சில் விழுந்தது. தானாக நிமிர்த்த அவரால் முடியாது. நான் நிமிர்த்திவிட்டதும் தெருவைப் பார்த்தார்.

"இவ்வளவு கல்லையும் ஆரடா பதிச்சவன்?"

"அது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அம்மா."

"அவனுக்குத் தாய் இல்லையோ?"

பலெர்மோத் துறைமுகத்தில் எங்களுக்காக ஒருவரும் வந்திருக்கவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றபின் பெரியம்மா வீட்டுக்குப் போன் எடுத்தேன். பெரியம்மாவின் மருமகளான அண்ணி அழுதார். "மாமி சொல்ல வேண்டாம் எண்டவ தம்பி. இடுப்பு முறிஞ்சு ரெண்டு வருசம். படி இறங்கினதே இல்லை. இண்டைக்கு எப்பிடியும் இறங்குவன் எண்டு விடியவே வெளிக்கிட்டவ. ஏலாமப் போச்சு."

அம்மாவும் தன் நாற்காலியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. வாராவாரம் வீடியோவில் பேசிய இரண்டு பேரும் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டியே பேசியிருக்கிறார்கள். அக்கா கவலைப்படுவா என்று அம்மா மறைத்தார். தன் தங்கச்சி தாங்கமாட்டாள் என்று பெரியம்மா மறைத்தார். எங்களையும் வாய் திறக்க விடவில்லை.

பழைய நகரத்தின் கல்தெருக்களில் நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்தே கொண்டுபோனோம். பெரியம்மா வீட்டு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் போய்ச் சேரும்போது மதியம். அண்ணி பெரியம்மாவைக் கதிரையோடு பல்கனிக்கு இழுத்து வந்திருந்தார். மேலே இருந்து முதலில் விழுந்தது ஏச்சு.

"எடியே பொய்க்காரி! கால் கொஞ்சம் நோகுது எண்டாய். சில்லுக்கதிரையில வந்து நிக்கிறாய்!"

அம்மாவின் குரல் மூன்றாம் மாடிக்கு எட்டாது. அவர் முணுமுணுத்ததைத் தங்கச்சி அண்ணாந்து கத்தினாள். "நீ மட்டும் என்னவாம்? போன கிழமை சந்தைக்குப் போட்டு வந்தனான் எண்டாயாம். எந்தச் சந்தை, கட்டிலுக்குக் கீழயோ எண்டு கேக்கிறா!"

பெரியம்மா சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வீட்டில் லிப்ட் இல்லை. படிகள் ஒடுங்கியவை, வளைந்து போகிறவை. வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்தவரும் நானும் அம்மாவைக் கதிரையோடு தூக்கினோம். முதல் வளைவில் சரித்தபோதே அவருக்கு மூச்சு அடைத்து உதடு நீலமானது. இறக்கிவிட்டோம். பெரியம்மாவை இறக்குவதென்றால் பலமான நாலு பேர் வேண்டும். அவருடைய மகனான அண்ணாவும் கூட்டாளிகளும் ஹோட்டல் குசினியில் சமையல் வேலையில் இருந்தார்கள். ஆறரைக்கு முன் வர வழியில்லை. கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும்.

பெரியம்மா கயிற்றில் ஒரு கூடையை இறக்கினார். கடைச் சாமானை அங்கே அப்படித்தான் மேலே எடுக்கிறார்கள். கூடைக்குள் புட்டும் மீன்பொரியலும் இருந்தன. மசித்த சாப்பாட்டைத் தவிர வேறெதையும் அம்மா விழுங்கிப் பல மாதம்.

"சாப்பிட்டிட்டா, நல்ல ருசியாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் தங்கச்சியிடம்.

மூன்று மணிக்கு நான் நாற்காலியின் பிரேக்கை எடுத்தேன். "வெளிக்கிடுவம் அம்மா."

"நான் வரேல்லை."

"கப்பல் விட்டிட்டுப் போயிடும். மூச்சு மெசின் அங்க கிடக்கு அம்மா!"

"போகட்டும். நான் கப்பல் பாக்கவோ வந்தனான்?"

"ஆர் யூ சீரியஸ், அம்மா?" என்று தங்கச்சி அழத் தொடங்கினாள்.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொம்மா என்ன சொல்லுறா?" என்றார்.

"வரமாட்டாவாம்."

"அப்ப கூட்டிக்கொண்டு போகாதை."

நான் துறைமுகத்துக்கு ஓடினேன். இடையில் இறங்கினால் ஒரு சதமும் திரும்பக் கிடைக்காது என்று கப்பலில் சொன்னார்கள். இயந்திரத்தையும் மருந்துகளையும் கடவுச்சீட்டுகளையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பி ஓடிய தெருக்களில் இரண்டு தரம் வழி தவறினேன். அதற்குள் அம்மாவுக்கு ஏதும் ஆகியிருந்தால் தங்கச்சி தனியே என்ன செய்வாள் என்ற எண்ணம் வந்தபோது, தெரிந்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஏழு மணிக்குப் பெரியம்மாவைப் பலகைக் கதிரையில் கட்டி நாலு பேர் இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் அலறியது கீழே கேட்டது. கடை வாசலில் இரு கதிரைகளையும் முழங்கால் முட்ட நெருக்கி வைத்தோம். அம்மாவால் கையைத் தூக்க முடியாது. பெரியம்மா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"மெலிஞ்சு போனியடி" என்றார்.

"நீ கொழுத்துப்போனாய்" என்றார் அம்மா.

மூன்று மணித்தியாலம் இருந்தார்கள். பெரியம்மாவை மேலே ஏற்றியபின் அவருடைய இடுப்பு வீங்கிவிட்டது. மறுபடி இறக்க முடியவில்லை. நாங்கள் கடைக்காரரின் பின்னறையில் தங்கினோம். நாலாம் நாள் அம்மாவுக்குச் சளி பிடித்து நெஞ்சுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்து, பின் ஒரு தாதியின் துணையோடு விமானத்தில் சிட்னிக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் ஏழு வாரம் இருந்தார். கட்டிலை விட்டு எழவே இல்லை.

அன்று ஐந்து மணிக்குக் கப்பலில் ஏற்றியிருந்தால் இன்னும் ஒரு வருடம் இருந்திருப்பாரா? மருத்துவரிடம் கேட்டேன், சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரியாமலேதான் இதை எழுதுகிறேன்.

நாள் முழுக்கக் குசினியில் நின்ற கால்களோடு வந்து பெரியம்மாவைத் தூக்கிய அண்ணாவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும், மொழி தெரியாமலே அறை தந்த கடைக்காரருக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய பலெர்மோத் தமிழ்ச் சனத்துக்கும், கடைசி நாட்களில் முறைவைத்து அம்மாவோடு இருந்த பரமட்டா அன்ரிமாருக்கும், திருப்பிக் கேட்காமல் கடன் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். மரணவீட்டில் ஒரு அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டு, "மொத்தம் எவ்வளவு காசு முடிஞ்சுது தம்பி?" என்று கேட்டார். பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். கப்பல், ஆஸ்பத்திரி, தாதி, விமானம் எல்லாம் சேர்த்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுப் பத்து டொலர், அங்கிள்.