நி-யில் நின்ற கடிதம்

எங்கள் வீட்டுக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு வார்த்தைகூட இல்லாமல் வந்தவை மாமா எழுதியவை மட்டும்தான். நலம், நலமறிய ஆவல் எதுவும் கிடையாது. நீல இன்லேண்ட் லெட்டரைப் பிரித்தால் உள்ளே ஸ, ரி, க, ம என்று வரிசை வரிசையாக எழுத்துகள். சிலவற்றின் தலையில் புள்ளி, சிலவற்றின் காலடியில் புள்ளி, நடுவே காற்புள்ளிகள், அங்கங்கே நெட்டுக்கோடு. முகவரி மட்டும் ஒழுங்காகத் தமிழில் இருக்கும்.

மாமா என்றால் அத்தையின் கணவர், தஞ்சாவூரில் வயலின் வாசிப்பவர். அத்தை அப்பாவின் தங்கை, அருமையாகப் பாடுவாள். கல்யாணமான இரண்டாம் வருஷம், ஒரு வீட்டு விசேஷத்தில் அத்தை பாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வாசித்த மாமா வில்லை நிறுத்திவிட்டு, "சுருதி சேரலை" என்று சொல்லிவிட்டாராம். அதுவும் பத்துப் பேர் முன்னால். அன்று சாயங்காலமே அத்தை பாசஞ்சர் ஏறி, பூதலூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்து பாடவே இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சுருதி சேராததற்கெல்லாமா வீட்டை விட்டு வருவார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பாட்டு கிளாஸில் தினம் யாருக்காவது சேராது. திட்டு வாங்கிக்கொண்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குத்தான் போனோம்.

அப்பா கணக்கு வாத்தியார். மாமாவின் கடிதத்தை விடை தெரியாத கணக்கைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை எழுதக் கை வலிக்குதா இவருக்கு? இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வக்கீல்கிட்டதான் போகணும்."

"மெதுவா பேசுங்க, அவ காதுல விழப்போகுது" என்பாள் அம்மா.

அத்தை அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் நானும் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கடிதத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். உதடு அசையவில்லை. வலது கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கை நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"என்ன அத்தை பண்றே?"

"கேட்டுக்கிட்டிருக்கேன்டி."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. ஒரு காகிதத்தைக் கண்ணால் பார்த்து, ஒருத்தியால் பாட்டுக் கேட்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். உலகத்தில் அதைவிடப் பெரிய வித்தை இருக்க முடியாது என்று தோன்றியது.

எனக்கும் அந்த எழுத்துகள் கொஞ்சம் தெரியும். மேலே புள்ளி என்றால் குரல் ஏற வேண்டும், கீழே என்றால் இறங்க வேண்டும், காற்புள்ளி வந்தால் அதே இடத்தில் நீட்டி நிற்க வேண்டும். மறுநாள் அத்தை அடுப்படியில் இருந்தபோது, கடிதத்தை எடுத்து எனக்குத் தெரிந்த ஒரே ராகத்தில் மெல்லப் பாடிப் பார்த்தேன். தஞ்சாவூரில் மாமா தனியாக உட்கார்ந்து நினைத்த ஒன்று பூதலூரில் என் தொண்டையிலிருந்து வந்தது. கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அந்த ரி அவ்வளவு கீழே இல்லை. ராகமே வேற." சொன்னதோடு நிற்காமல் அவளே அந்த வரியைப் பாடினாள். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று மத்தியானம் அத்தை முதல்தடவையாகப் பதில் எழுத உட்கார்ந்தாள். எழுதினாள், தாளம் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து எழுதியது ஒரே ஒரு வரி. "ஒட்டி, தபால் பெட்டியில போட்டுட்டு வா" என்று என்னிடம் கொடுத்தாள்.

ஒட்டுவதற்கு முன் அதையும் பாடிப் பார்த்தேன். வரி மேலே மேலே ஏறி, மேல் ஸ-வுக்கு ஒரு படி முன்னால் நி-யில் போய் நின்றது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எதுவும் இல்லை. எனக்கு வரவேண்டிய தும்மல் வராமல் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. எங்கள் பாட்டு டீச்சர் எந்த வரிசையையும் ஸ-வில் வந்து முடிக்காமல் விடமாட்டார். அத்தை பாடாமலே இருந்து இதையும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மாமா இதிலும் குற்றம் கண்டுபிடித்து, மறுபடி பத்துப் பேரிடம் சொன்னால் என்ன ஆவது? அத்தை மானத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை. பள்ளிக்கூடப் பேனாவை எடுத்து, நி-க்குப் பக்கத்தில் குண்டாக ஒரு ஸ எழுதினேன், தலையில் ஒரு புள்ளி வைத்தேன். முடிந்ததற்கு அடையாளமாக இரண்டு கோடும் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மழையில் நனைந்துகொண்டு மாமா வந்து நின்றார். அப்பா, "வாங்க" என்று மட்டும் சொன்னார், முகத்தில் சிரிப்பில்லை. மாமா சட்டைக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

"பிரிக்கவே பயமா இருந்துச்சு. கோபம்னா நீ பாட்டை முடிக்காம நி-யிலேயே நிறுத்திட்டுப் போறவதானே. இப்போ ஸ-வுக்கு வந்துட்டே, வீடு திரும்புற மாதிரி." கடைசி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "நீதானே எழுதினே?"

அத்தை கடிதத்தைப் பார்த்தாள். அவள் எழுத்து ஒல்லி, கடைசி எழுத்து மட்டும் குண்டு. பிறகு நிமிர்ந்து கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான்தான் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றாள் அத்தை. "நான்தான் எழுதினேன்."

"அன்னிக்குச் சேராம இருந்தது என் கம்பிதான். உன் குரல் இல்லை. எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றார் மாமா. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காபி போடு" என்று அம்மாவிடம் சொன்னார்.

அன்று சாயங்கால வண்டிக்கே அத்தை கிளம்பினாள். ஸ்டேஷனில் என் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நின்றாள். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நான் எழுதியதை எல்லோர் முன்னாலும் தான் எழுதியதாகச் சொல்லிவிட்டாள், பெரியவள் இப்படிப் பச்சைப் பொய் சொல்லலாமா என்று எனக்கு ஆத்திரம். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக அவள் கையசைத்துக்கொண்டே போனாள். நான் பதிலுக்குக் கையைத் தூக்கவே இல்லை.