‘ஃபீல் ஆகுதா?’

மயிலாப்பூரில் தமிழ் டீச்சராக இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கட்டுரையில் ‘ஃபீல்’ என்று கண்ணில் பட்டால் என் சிவப்புப் பேனா சும்மா இராது. சோகமாக இருந்தால் ‘ஃபீல் பண்றான்’, காதலித்தால் ‘ஃபீலிங்’, ரசத்தில் நெய் மணத்தால் ‘வீட்டுச் சாப்பாடு ஃபீல்’. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரே காலம் தள்ளுகிறதே என்று எரிச்சலாக வரும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஊறுகாய் பாட்டில் கையோடு உடைந்து, வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைந்தன, ஆனால் சுத்தமாக மரத்துப் போயிருந்தன. உணர்வு திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். புடவைக்கு ஊக்கு குத்தக்கூட வீட்டுக்காரர் வர வேண்டும். அவர் குத்தினால் முந்தானை காது வரைக்கும் ஏறி நிற்கும்.

ராயப்பேட்டையில் பிசியோதெரபிக்குப் போனேன். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பஞ்சால் தொட்டுவிட்டு, “ஃபீல் ஆகுதா மேடம்?” என்பார் பிசியோதெரபிஸ்ட். நான் பரீட்சைக்கென்றே பிறந்தவளாயிற்றே! கேட்டாலே தொட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? பட்டென்று “ஆகுது” என்பேன். மூன்று வாரம் எனக்கு நல்ல மார்க்.

ஒருநாள் அவர் தொடாமலே கேட்டார். “ஆகுது” என்றேன். கண்ணைத் திறந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி கூசிப்போனேன். திரும்பும்போது ஆட்டோவில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “இன்னாக்கா, ஒரே ஃபீலிங்கா கீறே? வுடுக்கா,” என்றார் ஆட்டோக்காரர். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன சனிக்கிழமை தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி.நகர் போயிருந்தேன். கடையில் புடவை காட்டிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பட்டுப்புடவையை விரித்துப் போட்டு, “ஃபீல் பண்ணிப் பாருங்க மேடம், எவ்ளோ சாஃப்ட்டுன்னு,” என்றாள். பழக்கதோஷம், வலது கையை நீட்டிவிட்டேன். ஜரிகைக் கரை ஆள்காட்டி விரலில் உரசியது.

சுருக்கென்றது! எறும்பு கடித்த மாதிரி!

அங்கேயே குதித்திருப்பேன். ஆனால் என் பேச்சை நானே நம்ப முடியாத நிலைமையில் இருந்தேன். அவளிடம் முழுக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். “நான் கண்ணை மூடிக்கறேன். இந்தக் கரையால விரலைத் தொடுங்க. தொட்டுட்டும் கேளுங்க, தொடாமலும் கேளுங்க. என்னை ஏமாத்துங்க!”

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்புறம் புடவை சரசரப்பது கேட்டது.

“ஆகுதா மேடம்?”

“இல்லை.”

“இப்போ?”

“இல்லை.”

“இப்போ?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு “இல்லை” என்றேன். அவ்வளவுதான், எல்லாம் என் ஆசைதான் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ மாம்பழக் கலர் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று விரல் நுனியில் ஒரு சுருக்.

“இப்பத் தொட்டீங்க,” என்றேன்.



“ஆமா மேடம்,” என்றாள். “இப்பத்தான் முதல் தடவையா தொட்டேன்.”