மருமகள் அடித்துப் போட்ட இரண்டு பக்கங்கள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் மருமகள் ஒரு முன்னுரை எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதைச் சொல்லலாம் இல்லையா?

எங்கள் வீடு சேலையூரில். மருமகள் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே பிஎச்டி செய்தாள். பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டால்தான் பட்டம். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸோடு யுனிவர்சிட்டி கொடுத்த கெடு முடிகிறது. தவறினால் ஆறு வருட உழைப்பும் வீண்.

இரண்டு முறையும் ஒரே குறை. முன்னுரையைப் படித்தால் இந்த ஆராய்ச்சி எதற்கு என்றே விளங்கவில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடு அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மகன் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் முதல் பக்கம்தானா? இந்நேரம் ஒரு வீடு கட்டிக் குடியே போயிருக்கலாம்."

"நக்கலா? நீங்களே படிச்சுப் பாருங்க."

அவன் எனக்கும் புரிகிற மாதிரி தமிழில் சொல்லிக்கொண்டே படித்தான். உலகத்தில் எல்லாரும் கான்கிரீட்டில்தான் கட்டுகிறார்கள் என்று ஆரம்பம். அப்புறம் எந்த நாட்டில் யார் என்ன செய்தார் என்று நீளமான பட்டியல்.

"பள்ளிக்கரணை எப்போ வரும்?"

"முன்னுரை முடிஞ்சு, நாலாவது பக்கம்."

"போர் தண்ணியில கலவை போடுறது?"

"அதை வேற எழுதணுமா? அங்க போர் தண்ணி உப்புன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்…" என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தை, படிக்கிறவர் எந்த ஊரோ, என்னவோ. நம்ம தண்ணி அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்ல பாருங்க."

ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய இரண்டு பக்கத்தையும் அங்கேயே குறுக்காக அடித்துப் போட்டாள். எனக்கென்றால் ஒரு வரியை எடுக்கக்கூட மனசு வந்திருக்காது.

புதிதாக எழுதியது ஒரே பக்கம். அங்கே உப்புத் தண்ணீரில் கட்டுகிறார்கள், சில வருடத்திலேயே கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்ந்து விழுகிறது என்று முதல் வரியிலேயே சொன்னாள். முன்னால் ஆராய்ந்தவர்களில் இந்த விஷயத்தைத் தொட்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டாள். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள், ஆள் குடியிருக்கும் வீட்டுக் கம்பியைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன் என்று முடித்தாள். யாரையும் மட்டம் தட்டவில்லை. "அவங்க செஞ்சதாலதான் அத்தை நான் இங்க நிக்கிறேன்" என்றாள்.

கடைசியில் 'சென்னைக்கே தீர்வு' என்று ஒரு வரி இருந்தது. அதையும் எடுத்துவிட்டாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான் மகன்.

"நான் பார்த்தது பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்குத்தான் நான் பேசலாம்."

மறுபடி அனுப்பினாள், நவம்பரில் பதில் வந்தது. இரண்டு அட்டவணையையும் ஒரு படத்தையும் திருத்தச் சொல்லியிருந்தார்கள். முன்னுரையில் கைவைக்கச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்துவிட்டது. காலேஜிலிருந்து வந்தவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து அழுதாள்.

"இனிமே உன்னை டாக்டர்னுதான் கூப்பிடணுமா?" என்றான் மகன்.

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.