மீன்தொட்டிக்கு ஒரு கம்பளி

நாளெல்லாம் பேருந்தில் தொண்டை கிழியக் கத்தும் நடத்துநர் அவள். வீட்டுக்கு வந்தால் மீன்தொட்டி முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுவாள்.

அன்று காலை குளிர்காற்றோடு புயல் அடித்து, பேருந்தும் ஓடவில்லை, மின்சாரமும் போய்விட்டது. தொட்டியின் ஹீட்டர் அணைந்ததும் மீன்கள் அடியில் ஒடுங்கின. தன் கம்பளியை எடுத்துத் தொட்டியைச் சுற்றினாள். கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு, பாட்டில்களில் அடைத்து உள்ளே மிதக்கவிட்டாள். ஆற ஆற மாற்றினாள். நடுநடுவே, மீன்களுக்குக் காற்று கிடைக்கட்டுமென்று தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"மீனுக்கெல்லாம் கம்பளியாடி?" என்றாள் மாமியார்.

"ஒண்ணைக்கூட சாக விடமாட்டேன் அத்தை."

மாமியார் முனகிக்கொண்டே தன் முழங்காலிலிருந்த வெந்நீர்ப் பையை எடுத்து நீட்டினாள். "இந்தா, இதையும் கண்ணாடியோட ஒட்டி வை."

பொழுது சாயும்போது மின்சாரம் வந்தது. கம்பளியை விலக்கிப் பார்த்தது மாமியார்தான்.

"அடியே, எல்லாம் மேல வந்து பசியில வாயப் பொளக்குதுங்க, தீனியப் போடு!"